கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நுரையீரல்

என் மகள் படிக்கும் பள்ளியின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. கோப்பைகளும் கேடயங்களும் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் அதற்கென்றே தனி மேசை, மேலே ஒரு சின்ன விளக்கு. உள்ளே இருப்பது மனித நுரையீரல். குளுக்கோஸ் ஏற்றும் பிளாஸ்டிக் குழாய்களையும் காலி மாத்திரை அட்டைகளையும் வைத்துச் செய்தது. பெரிய குழாய் ஒன்று மேலிருந்து இறங்கி இரண்டாகப் பிரிகிறது. பிறகு ஒவ்வொன்றும் பிரிந்து பிரிந்து, கடைசியில் ஈர்க்குச்சி அளவுக்கு மெலிந்து, மாத்திரை அட்டையின் குமிழ்களில் போய் முடிகிறது. விளக்கு வெளிச்சம் அந்தக் குமிழ்களில் படும்போது நுரையீரல் மூச்சு விடுவதுபோலத் தோன்றும். சேர்க்கைக்கு வரும் பெற்றோர் அதன் முன்னால் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். ‘கழிவிலிருந்து கலை’ என்று கீழே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தவள் என் மகள். அந்தப் பெட்டியை உடைத்துப் போட்டால் என்ன என்று இன்றைக்கும் தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனையில் வேலை செய்கிறேன். வார்ப்பில் விரிசல் இருக்கிறதா, துளை இருக்கிறதா, கேஜ் என்கிற அளவுகருவியை வைத்தால் அளவு சரியா என்று பார்ப்பது என் வேலை. எதை எடுத்தாலும் முதலில் அதில் இருக்கும் குறை என் கண்ணில் படும். வீட்டிலும் அப்படித்தான். “சாம்பார்லயும் கேஜ் வெச்சுத்தான் பாப்பாரு எங்க ஊட்டுக்காரரு” என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கம்பெனியில் கழித்துப்போடும் சாமான்களிலிருந்துதான் மகளின் வேலை ஆரம்பித்தது. உடைந்த ஒரு பம்பின் உறையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். அப்போது அவள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, இது நத்தையாட்டவே இருக்குதுங்க” என்றாள். நான் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்த சாமான். அது நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கிறது என்பது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பழைய சைக்கிள் டியூபில் உடம்பு செய்து, இரண்டு ஆணிகளைக் கொம்பாக்கி, அதை நத்தையாகவே ஆக்கிவிட்டாள். அப்புறம் நின்றபாடில்லை. மோட்டாரில் சுற்றியிருந்த கம்பியை நிமிர்த்தி அரசிலையின் நரம்புகள். தேய்ந்த பேரிங்கில் சிலந்தி. ஒயர் ஒன்றின் மேல்தோலைச் சீரான இடைவெளி விட்டு உரித்து, நுனியில் செம்பு இழைகளைப் பிரித்துவிட்டு, ஒரு நரம்புச் செல் செய்தாள். பாடப் புத்தகத்தில் இருக்கிற படத்தைவிட அது நன்றாகப் புரிந்தது.

அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். பசையைத் தவிர வேறு எதையும் கடையில் புதிதாக வாங்கக் கூடாது. எதைச் செய்தாலும் அது ஏற்கெனவே ஒரு வேலையைச் செய்து முடித்த பொருளாக இருக்க வேண்டும். பள்ளியில் வருடா வருடம் கழிவுப் பொருட்களில் ஏதாவது செய்துவரச் சொல்வார்கள். மறுநாளே எங்கள் ரோட்டு ஸ்டேஷனரி கடையில் கூட்டம் நிற்கும். புது பேப்பர் கப், புது ஸ்ட்ரா, புது ஐஸ்குச்சி எல்லாவற்றையும் ஒரே பாக்கெட்டில் கட்டி, ‘வேஸ்ட் கிட்’ என்றே விற்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் காலி பாட்டில் வேண்டுமென்று ஜூஸ் பாட்டில்களை வாங்கி, ஜூஸைச் சிங்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். மகள் அதை மதில் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, “குப்பையக் கூட புதுசா வாங்கறாங்கப்பா” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அன்றைக்கு அவள் மேல் அவ்வளவு பெருமை.

பதினொன்றாம் வகுப்பில் விலங்கியல் எடுத்த டீச்சர்தான் அவளை முதலில் கவனித்தவர். சொல்லப்போனால் அந்தப் பள்ளியில் மதிப்பெண்ணைத் தாண்டி ஒரு குழந்தையைப் பார்த்த ஒரே ஆள் அவர் என்றுதான் நான் நம்பியிருந்தேன். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்தின் ஒரு மூலையை இவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். கண்காட்சிக்கு வெளியூர் ஆட்கள் வருகிறார்கள், பெரிதாக ஏதாவது செய் என்றார். நுரையீரல் செய்யலாம் என்றது மகள்தான்.

மாத்திரை அட்டைக்குப் பஞ்சமில்லை. எனக்கே தினமும் பிரஷர் மாத்திரை. என் மாமனார், கொழுந்தியாள் முறையில் இருக்கிற அத்தனை பேர் வீட்டிலும் சர்க்கரை. மேட்டுப்பாளையத்திலிருந்து என் மச்சான் ஒரு கட்டைப்பை நிறைய காலி அட்டைகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, “இந்தா கண்ணு, நம்ம சாதிசனத்தோட மொத்த நோவும் இதுல இருக்குது” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

குழாய்தான் கிடைக்கவில்லை. ஸ்ட்ராவில் செய்யலாமே என்று மனைவி சொன்னாள். ஸ்ட்ரா வளையாது, அதுவும் புதிது வேறு. கடைசியில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்த பழைய இரும்புக்கடையில் ஒரு மூட்டை இருப்பதைப் பார்த்தோம். கடைக்காரர் கயிற்றை அவிழ்த்துக் காட்டினார்.

“ஏனுங்க, இது ஆஸ்பத்திரி சாமானாட்ட இருக்குது” என்றேன்.

“அட, ஆஸ்பத்திரிது இல்லீங்க. மருந்து கம்பெனிலிருந்து கழிச்சு உட்டதுங்க. எல்லாம் கழுவுன சரக்கு.”

என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. மூட்டையைத் தரையில் கொட்டச் சொல்லி, ஒரு கம்பியால் கிளறிப் பார்த்தேன். குழாய்கள் வெட்டி வெட்டி இருந்தன. காய்ந்து இருந்தன. ஊசி எதுவும் தென்படவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப் போட்டு, துணிக்கொடியில் தொங்கவிட்டோம். “ஊடே ஐசியூவாட்ட இருக்குது, சீலை காயப்போட எடமில்ல” என்று மனைவி சலித்துக்கொண்டாள். ஒன்றோடொன்று பின்னிச் சிக்கலாகக் கிடந்த ஒரு பந்து மட்டும் பிரிக்க வரவில்லை. அதைக் கம்பியால் கிளறியபோதும் வரவில்லை, தண்ணீரில் போட்டபோதும் வரவில்லை. அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ப் பொறுமையாகப் பிரித்துக்கொள்கிறேன் என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கண்காட்சி நாளில் அந்த நுரையீரலை இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தேன். வீட்டில் அவள் துண்டு துண்டாகச் செய்துகொண்டிருந்ததைத்தான் பார்த்திருந்தேன். முழுதாக நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிறப்பு விருந்தினர் அதன் முன்னால் நீண்ட நேரம் நின்றார். முதல் பரிசு. மேடையில் டீச்சரையும் அழைத்துச் சால்வை போட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் நன்றி சொல்ல வேண்டிய ஆளிடம் வெறுங்கையோடு போகமாட்டோம். தோட்டத்தில் விளைந்தது ஏதாவது கையில் இருக்க வேண்டும். மாமனார் தோட்டத்திலிருந்து ஒரு செவ்வாழைத் தாரை முந்தின நாளே வரவழைத்து வைத்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் போனேன்.

“எதுக்குங்க சார் இதெல்லாம்” என்றார்.

“இல்லீங்க டீச்சர். எங்க புள்ளையக் கண்ணாட்டப் பாத்துக்கிட்டீங்க. மாட்டேன்னு சொல்லிப்போடாதீங்க.”

கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். தாரை ஆட்டோவில் ஏற்றி, சாயாமல் இருக்க அதற்கு அடியில் காகிதம் சொருகிக் கொடுத்ததும் நான்தான்.

திரும்பும்போது மகள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கேடயத்தை மடியில் வைத்திருந்தாள். நல்ல காற்று. என் காதருகே குனிந்து, “ஊசிக்குத்து வாங்குனது வீண்போகலீங்கப்பா” என்றாள்.

“என்ன ஊசி கண்ணு?”

“அந்தச் சிக்கல் இருந்துதில்லீங்க, அதுக்குள்ள ஒண்ணு இருந்துது. குட்டியா, ரெண்டு பக்கமும் பச்சையா ரெக்கை வெச்சு. தும்பிக்கு அளவெடுத்தாப்ல இருந்துதுங்கப்பா. அடுத்தது தும்பி செய்யலாம்னு அதை இழுத்தேன். நுனியில ஊசி இருந்தது தெரியல. வெரல்ல ஏறிப்போச்சு.”

ஒரு பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்று நினைவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் வண்டியின் ஸ்டாண்டைப் போட்டுவிட்டார்.

“எப்பம்மா?”

“போன வாரத்துக்கு முந்துன வாரம்.”

“ரத்தம் வந்துதா?”

“கொஞ்சூண்டு.”

“யாருகிட்டயும் சொல்லலியா?”

“மிஸ்கிட்ட அப்பவே சொன்னனுங்கப்பா. டெட்டால் ஊத்திக் கழுவி, பேண்டெய்டு ஒட்டி உட்டாங்க. ஊட்டுல இப்ப சொல்லாத, உங்கப்பா பயந்துட்டு எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சுபோடுவாரு, கண்காட்சி முடியட்டும், நானே சொல்லிக்கறேன்னாங்க.” என் முகத்தைப் பார்த்தாள். “அவங்க சொல்லலீங்களா?”

அந்தக் கேள்வியை அவள் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் பயம் இல்லை. டீச்சர் மறந்திருப்பார் என்ற சிறு வருத்தம்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயம் ஆறி, கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு புள்ளி. மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். பச்சை இறக்கை என்று நான் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. நரம்பு கிடைக்காதவர்களுக்கு ரத்தம் எடுக்கவும் மருந்து ஏற்றவும் போடும் ஊசியாம். ஏற்கெனவே யாருக்கோ போட்டது. அந்த யாரோ யாரென்று இனித் தெரியாது.

“பயப்படற அளவுக்கு வாய்ப்பு கம்மிதானுங்க. ஊசி காஞ்சு எத்தனை நாளாச்சோ தெரியல. ஆனா குத்துன மூணு நாளைக்குள்ள வந்திருந்தா தடுப்பு மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாம். இப்ப அது பிரயோசனப்படாது. டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, காத்திருக்கறதுதான்.”

ரத்தத்தின் வழியாகத் தொற்றும் நோய்கள் என்று அவர் அடுக்கிய பெயர்களில் ஒன்றை நான் வீட்டில் இதுவரை உச்சரித்ததில்லை. இப்போது எழுதவும் வரவில்லை. முதல் டெஸ்டில் எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்து நிம்மதிப்பட முடியாது, மூன்று மாதம் கழித்து எடுப்பதுதான் முடிவு என்றார்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். இரவெல்லாம் மனதுக்குள் பேசிப் பழகிய வார்த்தைகள் எதுவும் வாயில் வரவில்லை. எங்கள் ஊரில் சண்டை போடுவதற்கும் ‘ங்க’ போட வேண்டியிருக்கிறது. சிறு வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டோம். கெட்ட வார்த்தை சொல்வதற்கு முன்னாலும் ஒரு ‘ஏனுங்க’ வந்து நின்றுவிடும்.

“ஏனுங்க டீச்சர், எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

“சொல்லலாம்னுதானுங்க சார் இருந்தேன். நீங்க ரொம்ப பயப்படற ஆளுன்னு பாப்பாவே சொல்லும். சின்னக் குத்துதானே. எங்க லேப்ல தெனமும் ஆருக்காச்சும் கண்ணாடி கிழிக்கும், பின்னு குத்தும்.”

“பின்னும் இதுவும் ஒண்ணுங்களா? நீங்க விலங்கியல் எடுக்கறவங்க.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த ஒரு கணம், இவருக்கு அன்றைக்கே தெரியும் என்று எனக்குப் புரிந்தது. தெரிந்துதான் கண்காட்சி முடியட்டும் என்றிருக்கிறார். தெரிந்துதான் வாழைத்தாரையும் வாங்கிக்கொண்டார்.

தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, எனக்கு காபி வரவழைத்தார். அதைக் குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கசக்கிறது.

“உங்க கஷ்டம் புரியுதுங்க. நீங்க எழுத்துல குடுத்தா நானும் மேல அனுப்பித்தான் ஆகோணும். விசாரிக்க வருவாங்க. என்ன டெஸ்ட், எதுக்கு டெஸ்டுன்னு நாலு பேரு கேப்பாங்க. பொட்டப்புள்ளைங்க. நாளைக்கு ஒரு எடத்துல பேச்சு வந்தா, குத்துனது ஊசின்னு எத்தனை பேருகிட்டச் சொல்லிட்டு இருப்பீங்க? எனக்கென்னங்க, பாப்பாவோட நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

மிரட்டுவதைக்கூட அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி அழுதுகொண்டே அவர் பக்கமே பேசினாள். “அவரு சொல்றது நெசந்தானுங்களே. நம்ம சனம் சும்மா உடுமா? வேண்டாமுங்க. புள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னு வந்தாப் போதும்.” அவள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. எங்கள் சொந்தக்காரர்களை எனக்கும் தெரியும்.

பழைய இரும்புக்கடைக்கும் போனேன். அதே மாதிரி இன்னும் இரண்டு மூட்டை கிடந்தது. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, “பாப்பாவுக்குப் பரிசு கெடச்சுதாமா, பேப்பர்ல பாத்தனுங்க” என்று சிரித்தார். ஊசி இருந்தது என்றேன். “ஏனுங்க, நானா உள்ள வெச்சேன்? வந்த மூட்டை வந்தாப்ல இருக்குது” என்றார். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வண்டியில் வருகிறது, வண்டிக்காரரைத்தான் கேட்க வேண்டும் என்றார். வண்டிக்காரர் எப்போது வருவார் என்பது அவருக்குத் தெரியாதாம்.

அந்த மூன்று மாதங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மகள் கேடயத்தோடு நிற்கும் படத்துக்குக் கைதட்டல் படங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. மச்சான், “எங்க மாத்திரை இல்லாம இந்தப் பரிசு ஏது” என்று எழுதினார். மனைவி அதற்கும் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டுவிட்டு, சமையலறையில் போய் நின்றுகொண்டாள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கும்போதே வீட்டில் புதிதாக ஒரு நகவெட்டி வந்தது. யாருக்கென்று யாரும் சொல்லவில்லை. மகளே அதை எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தும்மல் வந்தால் நான் நிமிர்ந்து பார்ப்பேன். காலையில் அவள் பல் துலக்கித் துப்புவதைத் தள்ளி நின்று பார்ப்பேன். கம்பெனியிலிருந்து வந்ததும், ஏதோ யதார்த்தமாகப் பேசுவதுபோல அவள் கையைப் பிடித்து அந்த விரலைத் தடவிப் பார்ப்பேன். அங்கே எதுவும் இருக்காது. எதுவும் இல்லாத இடத்தில் குறை தேடுவதற்கு எனக்கு எந்தக் கருவியும் இல்லை.

அவள் ஒருநாள் கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். “நான் உங்க கம்பெனி பம்பு இல்லீங்கப்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாதி செய்து வைத்திருந்த வண்டு, கம்பிச் சுருள், குமிழ் அட்டைகள் எல்லாவற்றையும் அவளே ஒரு சாக்கில் போட்டுக் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். தூக்கி எறிய நான் சொல்லவில்லை. அவளும் எறியவில்லை. ஆனால் கட்டிய கயிறு அவிழவே இல்லை.

மூன்றாம் மாதம் எடுத்த டெஸ்டிலும் எதுவும் இல்லை. டாக்டர் எழுந்து என் தோளைத் தட்டி, “போங்க, இனி நிம்மதியாத் தூங்குங்க” என்றார். வாசலில் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மகள், “அவ்வளவுதானுங்களா?” என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். அது வந்தது. ஆனால் அதன் பின்னாலேயே ஒரு கசப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றும் ஆகவில்லை என்பதால் யாரும் எதுவும் செய்யவில்லை என்று ஆகிவிட்டது. தலைமையாசிரியரிடம் போய், அந்த நுரையீரலை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

“அது இனி ஸ்கூல் சொத்துங்க” என்றார். “அடுத்த மாசம் வெளியூர்க் கண்காட்சிக்குப் போகுது. டீச்சர்தான் எடுத்துட்டுப் போறாங்க. பாருங்க, அன்னிக்கு நீங்க எவ்வளவு பயந்தீங்க. இப்ப எல்லாம் நல்லபடியா முடிஞ்சுபோச்சில்லீங்க?”

“ஆமாங்க” என்றேன்.

வெளியே வரும்போது அந்தப் பெட்டி முன்னால் ஒரு தாய் தன் மகனிடம் குழாய்களைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் கண்ணாடியைத் தொட்டான். என்னையறியாமல், “தொடாத சாமி” என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாய் என்னை வினோதமாகப் பார்த்தாள்.

இந்த வருடமும் கழிவுப் பொருட்களில் ஏதாவது செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். மகள் பன்னிரண்டாவது. செய்ய வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்பே, “கடைல கிட் வாங்கிக்கலாங்கப்பா” என்றாள். ஸ்டேஷனரி கடையில் வரிசையில் நின்று நானே வாங்கி வந்தேன். புது பேப்பர் கப்கள், புது ஸ்ட்ரா, புது ஐஸ்குச்சி. எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளை வெளேரென்று இருந்தன. அவள் ஹாலில் உட்கார்ந்து, உள்ளே இருந்த படத்தைப் பார்த்து, அதில் போட்டிருந்த வரிசைப்படியே ஒட்டினாள். பூச்செண்டு. எந்தப் பூ என்று சொல்ல முடியாத பூ. அவள் முன்பு செய்த அரசிலையில் ஒரு நரம்புகூட இடம் மாறியிருக்காது.

நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டி முடித்ததும் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கையை ஒருமுறை மேலே காட்டினாள், பிறகு கவிழ்த்துக் காட்டினாள்.

“பாத்துக்கோங்கப்பா” என்றாள்.

பார்த்தேன்.